மாணவர் கையிருப்பும் ஐதராபாத்துக் கடைத்தெருவும்

கல்வியின் பொருட்டுத் தாயகம் விட்டு அயலூர் வந்து தங்கும் பிள்ளைக்கு இரண்டு பொருள்கள் எப்பொழுதும் அளவோடுதான் வாய்க்கின்றன. ஒன்று பணம், மற்றொன்று ஓய்வுநாள். வாரத்தில் ஒரு ஞாயிறு, தேர்வு முடிந்து ஊருக்கு வண்டியேறுமுன் ஒரு பகல், அவ்வளவே. அந்த ஒரு பகலுக்குள் தம்பிக்குப் புத்தகம், தங்கைக்கு வளையல், அன்னைக்குப் புடவை, தந்தைக்கு ஏதேனும் ஒன்று என யாவும் வாங்கி, விடுதிச் சாப்பாட்டுக்கும் மிச்சம் வைத்தல் வேண்டும். இந்த அருங்கணக்கை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் போட்டுக்கொண்டிருக்கின்றனர். அதில் நாம் எவ்வளவு துணை நிற்கின்றோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐதராபாத் நகரம் பயில்வோரின் நகரம் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918 ஆம் ஆண்டில் தோன்றியது. ஆங்கிலம் கற்பிப்பதற்கென 1958 ஆம் ஆண்டில் தொடங்கிய நடுவண் நிறுவனம் இன்று ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் 1974 இலும், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2008 இலும் அமைந்தன. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். ஒரு பருவத்திற்கு மட்டும் வந்து பயின்று திரும்பும் மேனாட்டு மாணவரும் உளர். தமிழரோ பழைய குடிகள். 1806 ஆம் ஆண்டில் சிகந்தராபாத் படைவீட்டு நகராக உருவான நாள்தொட்டு நம்மவர் இங்கே வாழ்கின்றனர். 1862 ஆம் ஆண்டில் அங்கே மகபூப் கல்லூரியெனப் பின்னர்ப் பெயர் பெற்ற பள்ளியை நிறுவியவர் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர். அயலூரில் கல்விக்குத் துணைநின்ற அந்த மரபு நம்முடையது. அம்மரபை நாம் பெருங்காரியங்களில் மட்டுமே நினைவுகூர்கின்றோம். சிறு காரியங்களில் மறந்துவிடுகின்றோம். எம் மறதியையே முதற்கண் கூறுகின்றோம்.

ஒரு முத்துமாலையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே மேற்படிப்புப் பயின்ற பெண்ணொருத்தி எமக்கு உறவுமுறை. எம் மனைவியாரை அத்தையென்றும் எம்மை மாமாவென்றும் அழைப்பாள். அவள் அன்னையார் பீடி சுற்றிச் சேர்த்த பணத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை வரும். அதிலும் மிச்சம் பிடித்து 3,000 ரூபாய் சேர்த்திருந்தாள். பொங்கலுக்கு ஊர் செல்லுமுன் ஒரு ஞாயிறன்று எம் இல்லம் வந்து, நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்குப் பழைய புத்தகங்கள் வாங்க வேண்டும் என்றாள். “கூட வருகிறீர்களா, மாமா?” என்று கேட்டாள். அன்று எமக்கு ஒரு கூட்டத்தில் சொற்பொழிவு இருந்தது. “படித்த பெண்ணுக்குப் பேருந்து ஏறத் தெரியாதா?” என்று நகைத்துவிட்டுச் சென்றோம்.

மாலையில் அவள் திரும்பியபொழுது கையில் புத்தகம் இல்லை. ஆபிட்ஸ் வீதியில் இறங்க வேண்டியவள் சார்மினார் வரை சென்றுவிட்டாள். அங்கே நடைபாதையில் நின்ற ஒருவன் ஒரு மாலையைக் காட்டி, பஸ்ரா முத்து என்றும், கடையில் 5,000 ரூபாய் என்றும், அவளுக்காக 2,200 ரூபாய் என்றும் கூறியிருக்கின்றான். பாதி விலைக்கும் குறைவாயிற்றே என்று வாங்கிவிட்டாள். எம் மனைவியார் அம்மாலையின் இரண்டு மணிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். அவை வழுக்கின. கண்ணாடி மணிகள். அப்பெண் அழவில்லை. மீதிப் பணத்தை எண்ணிப் பார்த்தாள், வண்டிக்கட்டணத்துக்குச் சரியாயிருந்தது.

ஊருக்குச் சென்றபின் அன்னையார் கூறியதை அவளே எமக்கு எழுதினாள். “முத்து வேணும்னு நான் கேட்டேனா? தம்பி புத்தகம்தானே கேட்டான்?” என்றாராம். அச்சொல் அவளைக் காட்டிலும் எம்மைத்தான் சுட்டது.

வேண்டிய பொருள் குறைந்த விலைக்குக் கிடைப்பது மலிவு. வேண்டாத பொருள் எத்துணைக் குறைந்த விலைக்குக் கிடைப்பினும் அது செலவே. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் முன்னோர் கூறினர். குறுகிய பயணத்தில் அளக்கப் பொழுதில்லை. ஆதலின் புறப்படுமுன்னே அளந்துகொள்ளுதல் வேண்டும். எங்கே செல்வது, எந்த நாளில் செல்வது, எதைப் பார்த்து வாங்குவது என்பவற்றை அறிந்து செல்பவனுக்கு இந்நகரம் தாராளமாகவே கொடுக்கின்றது.

ஞாயிற்றுப் புத்தகச் சந்தை

ஆபிட்ஸ் என்னும் இடத்தின் பெயரே ஒரு கடையால் வந்தது. ஆறாம் நிசாமிடம் பணியாற்றிய ஆல்பர்ட் ஆபித் என்பவர் அங்கே கடை வைத்திருந்தார். கடை மறைந்தும் பெயர் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வீதியின் கடைகள் பல கதவடைக்கும். அவற்றின் முன்னுள்ள நடைபாதைகளில் பழைய புத்தகங்கள் பரப்பப்படும். நாவல்கள், மருத்துவ நூல்கள், பொறியியல் நூல்கள், தேர்வு வழிகாட்டிகள், அகராதிகள் எனக் குவியல் குவியலாகக் கிடக்கும். பாடநூல் மட்டும் வேண்டுவோர்க்குக் கோட்டிப் பகுதியிலும் பழைய புத்தகக் கடைகள் உண்டு.

சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய நூல் தேடித் திரிந்த தலைமுறையினர் நம்முள் இன்னும் உளர். அக்கட்டடம் 1985 ஆம் ஆண்டில் தீக்கிரையானதை அவர்கள் மறவார். பாரிசு நகரில் சேன் ஆற்றங்கரையிலும், கல்கத்தாவின் கல்லூரித் தெருவிலும் இத்தகைய கடைகள் மாணவரை வாழ்விக்கின்றன. உலகில் கல்விச்சாலை உள்ள இடமெங்கும் பழைய புத்தகக்காரனும் உள்ளான் எனலாம்.

ஆயினும் பழைய நூல் யாவும் பயன்படும் நூலன்று. 2024 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி நிகழும் குற்றங்களுக்கு அப்பழைய சட்டம் பொருந்தாது. எனவே பழைய தண்டனைச் சட்ட நூல் பத்து ரூபாய்க்குக் கிடைப்பினும், புதிய பாடத்திட்டத்தில் சட்டம் பயிலும் மாணவனுக்கு அது பாடநூலாகாது. நுழைவுத் தேர்வு நூல்களும் பாடத்திட்டம் மாறும்பொழுதெல்லாம் பழமையாகின்றன. ஆகவே நூலின் பெயரோடு பதிப்பாண்டையும் எழுதிக்கொண்டு செல்க. நடுப்பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்க்க. தாள் மெலிந்து, எழுத்து மங்கி, படங்கள் கறுத்துக் காணப்படின் அது திருட்டுப் பதிப்பாக இருக்கலாம், அதனை விலக்குக. காலையில் செல்பவனுக்குத் தெரிவு மிகுதி. பொழுது சாயும் வேளையில் செல்பவனுக்குக் கடைக்காரன் மூட்டை கட்டும் அவசரத்தில் விலை சற்று இறங்கும். இரண்டும் வேண்டுமெனின் காலையில் பார்த்து வைத்து, மாலையில் மீண்டும் செல்லலாம். நூல் போய்விட்டிருக்கும் என்பதையும் எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குவோர் ஒரு படி மிகுதியாக விழித்திருத்தல் வேண்டும். *#06# என்று அழுத்தினால் கருவியின் அடையாள எண் திரையில் தோன்றும். அவ்வெண்ணைச் சஞ்சார் சாத்தி என்னும் அரசு இணையத்தளத்தில் இட்டுப் பார்த்தால் அக்கருவி முடக்கப்பட்டதா என்பது தெரியவரும். ரசீது தர மறுப்பவனிடம் கைப்பேசி வாங்குதல் எவ்வகையாலும் கூடாது. பிறர் இழந்த பொருள் நமக்கு மலிவாகலாகாது.

சார்மினாரைச் சூழ்ந்து

1591 ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப்ஷா எழுப்பிய சார்மினாரின் மேற்கே நீள்வது லாட் பஜார். வளையல் தெரு என்றே அதனைக் கூறலாம். இங்கே புகழ்பெற்றது அரக்கு வளையல். அரக்கைக் கனலில் இளக்கி, உருட்டி, வளைத்து, அதன்மேல் சிறு கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கின்றனர். 2024 ஆம் ஆண்டில் ஐதராபாத் அரக்கு வளையலுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கடைகளில் உலோக வளையல்களும் நெகிழி வளையல்களும் கலந்தே இருக்கும். அரக்கு வேண்டுமெனக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தங்கையின் கையளவு தெரியாமல் வாங்கிய வளையல் பெட்டியிலேயே கிடக்கும். ஊரிலிருந்து பழைய வளையலொன்றின் குறுக்களவை எழுதி வரச் செய்க. அரக்கு வெப்பம் தாளாது என்பதனால் அடுப்பருகே அணியலாகாது என்பதையும் தங்கைக்குச் சொல்லி வைக்க.

பத்தர்கட்டி வீதியின் முத்துக் கடைகள் இந்நகருக்கே உரிய வியப்பு. கடலில்லாத ஊரில் முத்து வாணிகம் செழித்தது மன்னர் விருப்பினால். பாரசீக வளைகுடாவின் முத்துகள் நிசாம்களை நாடி வந்தன. அவற்றைத் துளையிட்டுக் கோக்கும் தொழிலாளரும் இங்கே பெருகினர். கொற்கை முத்தின் பெருமை பேசும் நமக்கு அவ்வரலாறு இனிக்கவே செய்யும். ஆயின் இன்று இக்கடைகளில் விற்பனையாவனவற்றுள் மிகுதியானவை நன்னீரில் வளர்க்கப்படும் முத்துகள். பெரும்பாலும் சீனத்திலிருந்து வருவன. அவையும் உண்மை முத்துகளே, விலையும் எளியது. பஸ்ராவின் இயற்கை முத்து மிக அரியது. நடைபாதையில் மாணவர் விலைக்குக் கிடைக்கும் பொருளன்று. பொன்னுக்கு 2021 ஆம் ஆண்டு தொட்டுப் படிப்படியாக ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டு வருகின்றது. முத்துக்கு அத்தகைய கட்டாய முத்திரை இல்லை. எனவே நிலையான கடையில், ரசீது பெற்று வாங்குதலே காப்பு. இரண்டு முத்துகளை மெல்ல உரசினால் நுண்மணல் போன்ற சொரசொரப்புத் தோன்ற வேண்டும். வழுக்கினால் ஐயுறுக.

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை வேளையில் இப்பகுதியிற் கடைகள் பல மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் இரவெல்லாம் கடைவீதி விழித்திருக்கும். அக்காட்சி காணத் தக்கது. ஆயினும் கூட்டம் மிகுதியாதலின், பார்த்து ஆராய்ந்து வாங்குவதற்கு அது வேளையன்று.

துணியும் பண்டமும்

அன்னைக்குப் புடவை எடுக்க விரும்பும் பிள்ளைகள் போச்சம்பள்ளியை நாடுகின்றனர். வினோபா அடிகள் 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் பூதானத்தைத் தொடங்கிய அவ்வூர், நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நூலை முன்னரே கட்டிக் கட்டிச் சாயமேற்றி, அதன்பின் தறியில் ஏற்றி நெய்வது அவ்வூர்த் தொழில். நெய்யும்பொழுதே உருவம் வெளிப்படுகின்றது. ஆதலால் துணியின் இருபுறமும் வண்ணம் ஒத்திருக்கும். உருவத்தின் ஓரம் சற்றே கலைந்தாற்போல் தோன்றும். அதே உருவத்தை மேலே அச்சிட்ட துணி முதுகுப்புறம் வெளிறிக் காணப்படும். கால் விலைக்குப் போச்சம்பள்ளி என்று நீட்டப்படும் துணியைத் திருப்பிப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். கைத்தறி முத்திரையும், பட்டெனின் பட்டு முத்திரையும் கேட்க. ஒரு புடவைக்கு முன் எத்தனை நாள் நூற்கட்டும் சாயமும் தறியும் செல்கின்றன என்பதை அறிந்தவன் நெசவாளியிடம் அடிமாட்டு விலை பேசான். நம் காஞ்சியையும் சின்னாளப்பட்டியையும் அறிந்த நமக்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அன்றாட உடைக்குச் சுல்தான் பஜாரும், சிகந்தராபாத்தின் ஜெனரல் பஜாரும் ஏற்றவை. பாத்திரம், மளிகை, உலர்பழம் ஆகியவற்றுக்குப் பேகம் பஜார் மொத்த வாணிகக் களம். ஒருவனாகச் சென்றால் அங்கே பெரும்பயன் இல்லை. விடுதி நண்பர் நால்வர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால் மொத்த விலையின் பயன் நால்வர்க்கும் கிட்டும். கைவினைப் பொருள்களுக்கு அரசின் கோல்கொண்டா விற்பனை நிலையத்தில் முதலில் விலையைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. அங்கே பேரமில்லை, ஆயினும் நியாய விலை இன்னதென்று ஓர் அளவுகோல் கிடைக்கும்.

விலை கேட்கும் மொழி

இந்நகர வாணிகர் தெலுங்கும் தக்கினி உருதுவும் பேசுவர். தெலுங்கில் நூற்றுக்கு ‘வந்த’ என்பர். யாரோ வந்ததாகத் தமிழ்ப் பிள்ளை திரும்பிப் பார்த்தலும் உண்டு. உருதுக் கணக்கிலோ இடர் மிகுதி. ‘பச்சீஸ்’ என்பது 25. ‘பச்சாஸ்’ என்பது 50. ‘சவா சௌ’ எனின் 125. ‘டேட் சௌ’ எனின் 150. ‘டாய் சௌ’ எனின் 250. இவை ஐந்தையும் மனப்பாடம் செய்துகொண்டவன் ஏமாறுதல் அரிது. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்று புன்னகையோடு கூறுக. வாணிகரும் சிரித்து விடைகொடுப்பர்.

பேரத்திற்கும் ஒழுக்கம் உண்டு. வாங்கும் எண்ணமில்லாத பொருளுக்கு விலை கூறலாகாது. நாம் கூறிய விலைக்கு அவர் இசைந்தபின் பின்வாங்குதல் நாணயமன்று. காலை முதல் விற்பனையைப் ‘போணி’ என்று அவர்களும் மதிக்கின்றனர்; அவ்வேளையில் நெடும்பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு நகர்தல் அவர் மனத்தைப் புண்படுத்தும்.

பருவமும் பயணமும்

நம் ஆடித் தள்ளுபடிக்கு நிகராக இங்கே ஆஷாடத் தள்ளுபடி உண்டு. தெலுங்கர் மாதம் திங்களின் போக்கைத் தழுவியதாதலின் அது நம் ஆடிக்குச் சற்று முன்னரே தொடங்கிவிடும். ஆடியை எண்ணிக் காத்திருந்து, தள்ளுபடி முடிந்தபின் கடைக்குச் சென்றோர் நம்முள் பலர்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி நடுவரை நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் நடைபெறும் ‘நுமாயிஷ்’ மாணவர் மறவாது காணத் தக்கது. 1938 ஆம் ஆண்டில் உஸ்மானியாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள், நாட்டின் பொருளாதார ஆய்வுக்குப் பணம் திரட்டும் பொருட்டு இதனைத் தொடங்கினர். இன்று அதனை நடத்தும் கழகம் கல்வி நிலையங்கள் பலவற்றைப் பேணுகின்றது. மாணவர் மூளையில் உதித்த சந்தை, கல்விக்கே மீண்டும் பொருள் தருவது மகிழ்ச்சிக்குரியது. காசுமீரக் கம்பளமும் இலட்சுமணபுரித் தையல் துணியும் ஒரே திடலில் காணலாம். கடைகளை ஒருமுறை சுற்றி விலை கேட்டுவிட்டு, இரண்டாம் சுற்றில் வாங்குக.

நகரின் மேற்கோரத்தில் பயிலும் பிள்ளைக்குப் பழைய நகரம் செல்லவே பகற்பொழுதின் பெரும்பகுதி கழியும். ஆதலின் ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்க. நாம்பள்ளி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆபிட்சும் பொருட்காட்சித் திடலும் அருகில். மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் இறங்கினால் சார்மினார் தொலைவன்று. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் தொட்டுத் தெலங்கானா அரசின் சாதாரண, விரைவுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆயின் தெலங்கானா முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு முகவரியோடு ஏறும் பெண் பிள்ளைகள் சீட்டு வாங்குதலே முறை.

வாங்கியவற்றை ஊர் சேர்ப்பதும் செலவின் பகுதியே. புகைவண்டியில் படுக்கை வகுப்பினர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்ட பாடநூல்களை அஞ்சலில் அனுப்பலாம். 2025 மே மாதம் முதல் நாள் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்னும் புத்தக அஞ்சலைத் தொடங்கியது. 300 கிராமுக்கு 20 ரூபாயும் 5 கிலோவுக்கு 100 ரூபாயும், வரி நீங்கலாக, அப்பொழுது விதிக்கப்பட்ட கட்டணம்.

நாம் செய்யத் தக்கவை

நம் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, குடும்பத்துக்கு ஒருவராக, புதிதாக வந்த பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்லலாம். நம் வீடுகளில் படித்து முடித்த பாடநூல்களைப் பழைய தாள்காரனிடம் நிறுத்துப் போடாமல், சங்கத்தில் ஓர் அலமாரியில் வைத்தால் எத்தனையோ பிள்ளைகளின் ஞாயிறும் பணமும் மிஞ்சும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பகற்பொழுது போதும்.

மறு ஆண்டு அப்பெண்ணோடு யாம் ஆபிட்ஸ் சென்றோம். பதிப்பாண்டு பார்த்து, பக்கங்களைப் புரட்டி, நான்கு நூல்களை 640 ரூபாய்க்கு வாங்கினாள். பேரம் பேசியவள் அவளே. யாம் பையைத் தூக்கி நின்றதோடு சரி. அன்று மாலை அவள் பெட்டியிலிருந்து அந்தக் கண்ணாடி மாலையை எடுத்து எம் மனைவியாரிடம் கொடுத்து, “இது இங்கேயே இருக்கட்டும், அத்தை” என்றாள்.

அம்மாலை எம் இல்லத்தில் இன்றும் உள்ளது. புதிதாகப் பயில வரும் பிள்ளைகள் முதன்முறை எம் வீட்டுக்கு உணவருந்த வரும்பொழுது, எம் மனைவியார் அதனை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்கின்றார். அதன்பின், “எந்த ஞாயிறு போகலாம்?” என்று யாம் கேட்கின்றோம்.